குவியலிலேயே போன சர்க்கரை: கவுந்தப்பாடிப் பக்கம் ஒரு வெல்ல ஆலையில் நடந்தது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அச்சுப் பலகையில் ஊற்றிய வெல்லம், திங்கட்கிழமை காலையிலும் கட்டைவிரலை வைத்தால் குழிந்தது. தட்டினால் 'டொக்'கென்று உடைய வேண்டிய அச்சு, மெழுகு மாதிரி வளைந்து கொடுத்தது. அடியில் ஈரம் கசிந்து பலகை முழுக்கப் பிசுபிசுப்பு. மாமா அதில் ஒன்றைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏம் மாப்ளை, நீ பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரிதான சொல்லிக் குடுக்கறே? இது எதனால இப்பிடி ஆச்சுன்னு சொல்லு பாக்கலாம்."

கேட்ட விதம் கேலிதான். இரண்டு கொப்பரை (சாறு காய்ச்சும் பெரிய பாத்திரம்) வெல்லம் வீணான வயிற்றெரிச்சலும் அதற்குள் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதிவினை வேகவியல் பாடத்தைப் பல வருடமாக நடத்திக்கொண்டிருக்கிறேன். வெப்பநிலை, செறிவு, புறப்பரப்பு, வினையூக்கி என்று பலகையில் எழுதிப் போடுவேன்; பிள்ளைகள் அப்படியே விடைத்தாளில் இறக்கி வைப்பார்கள். எழுதிப் போட்ட நான்கும் ஒரே களத்தில் ஒன்றுசேர்ந்து வேலை செய்வதை அதுவரை நான் பார்த்ததில்லை. மாமாவுக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. சொன்ன பதிலையும், அதில் இன்னும் ஓட்டையாக இருக்கும் இடத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நடந்த கதை

சித்திரை மாதம், பருவத்தின் கடைசிக் கரும்பு. வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்த நாட்கள். வியாழக்கிழமை விடிகாலை வெட்டாட்கள் வந்து, மத்தியானத்துக்குள் பெரும்பகுதியைச் சாய்த்துவிட்டார்கள். அன்றைக்குப் பொழுதோட கிரஷர் மோட்டாரில் கம்பிச் சுருள் புகைந்துவிட்டது. பவானிக்குக் கொண்டுபோய் ரீவைண்டிங் செய்து திரும்புவதற்குள் வெள்ளி, சனி இரண்டு நாளும் போயின. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் உருளை சுற்றியது.

இதற்கிடையே வெட்டிய கரும்பு இரண்டு குவியலாகக் கிடந்தது. ஒன்று கிரஷர் ஓரமாக, வெட்டவெளியில். மற்றது கொஞ்சம் தள்ளி, புளியமரத்தடியில். என் அம்மிச்சிக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தடியை ஊன்றிக்கொண்டு புளியமரம் வரைக்கும்தான் வர முடியும். வந்தவள் சத்தம் போட்டு, அந்தக் குவியல்மேல் மட்டும் சோகையை (கரும்பின் காய்ந்த தோகையை) பரப்ப வைத்து, காலையும் சாயங்காலமும் ஹோஸ் பைப்பில் தண்ணீர் தெளிக்கச் சொல்லியிருக்கிறாள். "வெட்டுன கரும்பு வெயில்ல கெடந்தா சாறு செத்துப் போயிருஞ் சாமி" என்பது அவள் கணக்கு. வெட்டவெளிக் குவியல் அவள் தடிக்கு எட்டாத தூரம். யாரும் திட்டம் போடாமலேயே ஒரு பரிசோதனைக்கு வேண்டிய இரண்டு பக்கமும் இப்படித்தான் அமைந்துவிட்டன.

ஞாயிறு காலை, பக்கத்தில் கிடந்த வெயில் குவியலைத்தான் முதலில் உருளைக்குள் விட்டார்கள். மாமாவிடம் சாற்றின் கெட்டியை அளக்கிற, கையடக்கமான பிரிக்ஸ் மீட்டர் ஒன்று உண்டு. ஒரு சொட்டுச் சாறு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிக் கண்ணை வைத்துப் பார்த்தால் கோடு நிற்கும். வழக்கமாக 19, 20 நிற்கிற இடத்தில் அன்றைக்கு 23 நின்றது. மாமாவுக்கு ஒரே சந்தோசம். கெட்டியான சாறென்றால் சீக்கிரம் பாகாகும், எரிக்கிற சக்கை மிச்சம்.

முதல் கொப்பரையிலேயே சங்கடம் ஆரம்பித்தது. அழுக்கைத் திரட்ட வழக்கமான அளவு சுண்ணாம்பு, வழக்கமான வெண்டைச் செடிச் சாறு. ஆனால் நுரை அடங்கவில்லை. அழுக்கு திரண்டு மேலே வராமல் கொழகொழவென்று சாற்றுக்குள்ளேயே தொங்கிக்கொண்டு நின்றது. பதம் பார்க்கிற பெரியவர் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தார், உருண்டை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வழக்கத்தைவிட அரை மணி நேரம் கூடுதலாகக் காய்ச்சி, மனசில்லாமல் ஊற்றினார்கள். அதுதான் மாமா என்னிடம் நீட்டிய வெல்லம்.

இரண்டாவது கொப்பரையும் வெயில் குவியல்தான். சுண்ணாம்பு பற்றவில்லை என்று பெரியவர் இரண்டு மடங்கு போட்டார். அழுக்கு ஓரளவு திரண்டது. ஆனால் நிறம் கருப்பட்டிக்குப் போய்விட்டது, நாக்கில் வைத்தால் சுண்ணாம்புக் கரகரப்பு, இறுகினபாடும் இல்லை. மூன்றாவது கொப்பரைக்குப் புளியமரத்தடிக் கரும்பு. கொஞ்சம் இளக்கமாக இருந்தாலும் வெல்லமாக நின்றது. திங்கட்கிழமை காலை வெட்டி அன்றைக்கே ஆட்டிய நான்காவது கொப்பரை, 'டொக்'.

மாமா பெரியவரின் பதத்தைக் குறை சொன்னார். பெரியவர் சுண்ணாம்பைக் குறை சொன்னார்: "மூட்டை பிரிச்சு மூணு மாசமாச்சுங்க, காத்துப் பட்டுச் செத்துப் போச்சுங்க." அது பொய்யில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மெல்ல மெல்ல வீரியமில்லாத சுண்ணக்கல்லாகவே திரும்பிவிடும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் யூரியா அதிகம் என்றார். ஆனால் நான்காவது கொப்பரையும் அதே மூட்டைச் சுண்ணாம்பு, அதே பெரியவர், அதே யூரியா தின்ற வயல். மாறியது ஒன்றே ஒன்றுதான்: வெட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே கழிந்த நேரம், அந்த நேரத்தில் கரும்பு கிடந்த இடம்.

சர்க்கரை எங்கே போனது?

கரும்புச் சாற்றில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். ஒரு சுக்ரோஸ் மூலக்கூறு ஒரு தண்ணீர் மூலக்கூறை வாங்கிக்கொண்டு உடைந்தால் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கிடைக்கும். அவ்வளவுதான் வினை. நாக்குக்கு இரண்டும் இனிப்பு. ஆலைக்காரருக்கு ஒன்று காசு, இன்னொன்று நட்டம். சுக்ரோஸ் ஒழுங்காக அடுக்கிப் படிகமாகும், வெல்லம் இறுகுவது அதனால்தான். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் நடுவில் புகுந்து அந்த அடுக்கைக் கலைக்கும். போதாததற்கு ஃப்ரக்டோஸ் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பலகையில் கசிந்த ஈரம் அதுதான்.

வீட்டில் இதே வினையை வேண்டுமென்றே செய்கிறோம். குலாப் ஜாமூனுக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சும்போது நாலு சொட்டு எலுமிச்சை பிழிவது எதற்கு? பாகு ஆறினதும் சர்க்கரை பூத்துவிடாமல் இருக்கத்தான். எலுமிச்சையின் அமிலம் கொஞ்சம் சுக்ரோஸை உடைத்துவிடுகிறது. உடைந்தவை மீதியைப் படிகமாக விடுவதில்லை. சமையலறையில் வரமாக இருப்பது ஆலையில் சாபம்.

இந்த வினைக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு, வகுப்பில் சொல்ல எனக்கு நேரம் கிடைத்ததே இல்லை. ஒரு வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று முதன்முதலில் அளந்து சமன்பாடு போட்டது இதை வைத்துத்தான். 1850இல் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர், அமிலம் கலந்த சர்க்கரைக் கரைசலைத் தொடாமலேயே அதன் வழியாக முனைவாக்கிய ஒளியை, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுக்ரோஸ் ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவை இடப்பக்கம் திருப்பும். வலமிருந்து இடத்துக்குக் கோணம் புரளப் புரள எவ்வளவு உடைந்தது என்று தெரிந்துவிடும். 'இன்வர்ஷன்' என்ற பெயர் இந்தப் புரட்டலால் வந்தது. எந்த நேரத்திலும் உடையும் வேகம், அந்த நேரத்தில் மீதியிருக்கிற சர்க்கரையின் அளவைப் பொறுத்தது என்று அவர் கண்டார். பல வருடம் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. 1889இல் ஸ்வாந்தே அர்ரீனியஸ் வெப்பநிலைக்கும் வேகத்துக்கும் உறவு சொல்ல எடுத்துக்கொண்டதும் கரும்புச் சர்க்கரையும் அமிலமும்தான். 1913இல் லியோனர் மிக்கேலிஸும் மாட் மென்டனும் நொதிகளுக்கு, அதாவது உயிர்களுக்குள் வினையை வேகப்படுத்தும் வினையூக்கிகளுக்கு, கணக்கு எழுதியபோது கையில் எடுத்தது இன்வர்டேஸ், அதாவது இதே சுக்ரோஸை உடைக்கிற நொதி. மாமாவின் களத்தில் கசிந்துகொண்டிருந்தது வேதிவினை வேகவியலின் பாதி வரலாறு என்று சொன்னேன். "அது யாருக்கு வேணுங் மாப்ளை, மூட்டைக்கு வெல சொல்லு" என்றார்.

சோதித்துப் பார்த்தது

மூன்று சாறும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். வெயில் குவியலில் அடியில் மிஞ்சிய கரும்பு, மரத்தடிக் கரும்பு, அன்று வெட்டியது. ஒளியின் தளம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிற போலாரிமீட்டர் பள்ளி ஆய்வகத்தில் கிடையாது. பெனடிக்ட் கரைசல் இருந்தது, புளிப்பை அளக்கும் பி.எச். தாளும் இருந்தது (எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்). பெனடிக்ட், சுக்ரோஸை விட்டுவிட்டு உடைந்த சர்க்கரையை மட்டும் காட்டிக்கொடுக்கும். கரும்பு எவ்வளவு புதிதாக இருந்தாலும் கொஞ்சம் குளுக்கோஸ் இருக்கத்தான் செய்யும் என்பதால், மூன்றையும் ஐந்து மடங்கு நீர்த்துக்கொண்டு கொதிநீரில் வைத்தேன்.

அன்று வெட்டியது நீலத்திலிருந்து இலேசான பச்சைக்கு வந்து நின்றுவிட்டது. மரத்தடிக் கரும்பு மஞ்சள் கலந்த பச்சை. வெயில் கரும்பு குழாய் சூடேறும்போதே நிறம் மாற ஆரம்பித்து, ஆரஞ்சு நிறத்தில் வண்டல் இறங்கியது. தாளில் பி.எச். முறையே ஐந்தரைக்குக் கொஞ்சம் கீழே, ஐந்து, நாலரை. தாளின் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுச் சொல்வது இவ்வளவுதான், இதற்கு மேல் துல்லியம் கேட்கக் கூடாது.

இதில் எனக்கு உறைத்தது ஒன்று. இவை காய்ச்சாத பச்சைச் சாறுகள். அப்படியானால் வெயில் கரும்பின் சர்க்கரை அடுப்பைப் பார்ப்பதற்கு முன்பே உடைந்திருக்கிறது. கொப்பரையைச் சுற்றி நின்று ஆளுக்கு ஆள் சண்டை போட்டார்கள். களவு நடந்தது மூன்று நாள் முன்னாடி, யாரும் பார்க்காத குவியலில்.

எது உடைத்தது? சாறு கொஞ்சம் புளிப்பு, வெயில் வேறு. அமிலமும் சூடும் சேர்ந்து உடைத்துவிட்டன என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டதும் அந்த நினைப்பு விழுந்துவிட்டது. அமிலத்தால் சுக்ரோஸ் உடைவதற்கான கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்க மூலக்கூறுகள் தாண்ட வேண்டிய மேடு, மோலுக்குச் சுமார் 108 கிலோஜூல். பெரிய மேடுதான். பி.எச். 5, வெப்பம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அமிலம் மட்டும் மூன்று நாளில் உடைப்பது, சுக்ரோஸில் கால் சதவீதத்துக்கு மேல் போகாது. பெனடிக்ட் குழாயில் அது தெரியவே தெரியாது.

மீதி இருப்பது வினையூக்கி. வெட்டிய கரும்பு செத்துவிடுவதில்லை. மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கும். இலை போய்விட்டதால் புதுச் சர்க்கரை வருவதில்லை. இருப்பதைத் தின்ன ஆரம்பிக்கும். தின்பதற்கு முதலில் உடைக்க வேண்டும், அதற்கு அதனிடமே இன்வர்டேஸ் இருக்கிறது. வெட்டிய முனைகளில் ஈஸ்டும் பாக்டீரியாவும் வந்து உட்கார்ந்தால் அவையும் தங்கள் பங்குக்கு நொதியைக் கொண்டு வரும். லூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா சர்க்கரையை எடுத்து டெக்ஸ்ட்ரான் என்ற பிசினாக்கும், கூடவே அமிலத்தையும் விடும். முதல் கொப்பரையில் அழுக்கு திரளாமல் கொழகொழவென்று தொங்கியதும், சாறு நாலரைக்குப் புளித்ததும் இந்த வகை ஆட்களின் வேலையாக இருக்க வேண்டும்.

நொதி செய்வது மந்திரமில்லை. 108 கிலோஜூல் மேட்டில் ஏறாமல் பக்கவாட்டில் ஒரு பாதையைத் திறந்து விடுகிறது. ஈஸ்டின் இன்வர்டேஸ் இருந்தால் மேடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். திம்பத்தில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக ஏறுவதற்குப் பதிலாக மலைக்குள் சுரங்கப்பாதை போட்டுவிட்ட மாதிரி. அடிவாரமும் அதேதான், போய்ச் சேரும் ஊரும் அதேதான்.

மேடு தாழ்ந்தால் சூட்டின் செல்வாக்கும் மாறும். '10 டிகிரி ஏறினால் வேகம் இரட்டிக்கும்' என்று எல்லோரும் சொல்கிற விதி, நொதி வேலைக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. வெயில் குவியலின் கரும்பு மரத்தடிக் கரும்பைவிட 10 டிகிரி சூடாக இருந்திருந்தால் வேகம் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் அமில வழிக்கு அந்த விதி பொருந்தவே பொருந்தாது: 30லிருந்து 40க்குப் போனால் நான்கு மடங்கு, 100லிருந்து 110க்குப் போனால் இரண்டரை மடங்கு. பாடப் புத்தகத்தின் இரட்டிப்பு விதியைப் பிள்ளைகள் சட்டம் மாதிரி மனப்பாடம் செய்வதை இனிமேல் தடுக்கப் போகிறேன். மேட்டின் உயரம் தெரியாமல் எத்தனை மடங்கு என்று சொல்ல முடியாது.

செறிவு விஷயம் இன்னும் வேடிக்கை. வில்ஹெல்மியின் அமிலக் கரைசலில் சர்க்கரை அதிகமானால் வேகமும் அதிகம். நொதி இருக்கும் இடத்தில் அந்த விகிதம் ஒரு எல்லையோடு நின்றுவிடும். தைப்பூசத்தன்று பழனியில் பஞ்சாமிர்தக் கவுண்டரை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஐம்பது பேர் நின்றாலும் ஐயாயிரம் பேர் நின்றாலும் கவுண்டரில் இருப்பவர் நிமிடத்துக்குக் கொடுக்கிற டப்பா அவ்வளவுதான். கரும்புக்குள் சர்க்கரை அவ்வளவு செறிவாக இருப்பதால் நொதிக்கு எப்போதுமே தைப்பூசம். அப்போது வேகத்தைத் தீர்மானிப்பது கவுண்டர்களின் எண்ணிக்கை, அதாவது எவ்வளவு நொதி இருக்கிறது என்பது. வெட்டு முனை கூடக் கூட, காயம் கூடக் கூட, கிருமி நுழைகிற வாசல் கூடுகிறது, கவுண்டரும் கூடுகிறது.

அதைப் பார்க்க அடுத்த வாரம் ஒரு சின்ன வேலை செய்தேன். ஒரே தூரில் வெட்டிய கரும்பு. ஒரு முழுக் கழியை நிழலில் சாத்தினேன், ஒன்றை வெயிலில் போட்டேன், ஒன்றை விரற்கடை நீளத் துண்டுகளாக நறுக்கி நிழலில் வைத்தேன், இன்னொன்றை அதே மாதிரி நறுக்கி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பிழிந்து பெனடிக்ட் வைத்தால், நறுக்கி நிழலில் கிடந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். வெயிலில் கிடந்த முழுக் கழிகூட அதற்குப் பின்னாடிதான். ஃப்ரிட்ஜில் இருந்த துண்டுகள் இலேசான பச்சையோடு நின்றுவிட்டன. வெட்டு முனையின் பரப்பு வெயிலை முந்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நறுக்கிய நிழல் துண்டுகளின் முனையில் செம்மை படர்ந்து புளித்த வாடை வேறு. என் மனைவி ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அடுப்பின் பங்கு

சரி, குவியல்தான் முக்கியக் குற்றவாளி. கொப்பரை யோக்கியமா என்றால், அதுவும் இல்லை.

சாறு கொதி வந்ததும் நொதி வெந்து செத்துவிடும். ஒரு வழி அடைபடுகிறது. அதே நேரம் இதுவரை ஆமை வேகத்தில் இருந்த அமில வழி விழித்துக்கொள்கிறது. 30 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் நடுவே அமில வினையின் வேகம் சுமார் 3,000 மடங்கு ஏறுகிறது. வெப்பம் ஒரு வேலைக்காரனை அனுப்பிவிட்டு இன்னொருவனை எழுப்பிவிடுகிற மாதிரி.

அந்த இன்னொருவனைக் கட்டிப் போடத்தான் சுண்ணாம்பு. வேகம் ஹைட்ரஜன் அயனியின் செறிவுக்கு நேர் விகிதம் என்பதால், பி.எச். ஒன்று இறங்கினால் பத்து மடங்கு. கொதிக்கிற சாற்றில் பி.எச். 6 ஆக இருந்தால் மணிக்குக் கால் சதவீதம் சுக்ரோஸ் உடையும். 5 என்றால் இரண்டரைச் சதவீதம். நாலரை என்றால் எட்டுச் சதவீதம். கொப்பரை அடுப்பில் இருப்பது இரண்டரை, மூன்று மணி நேரம். நல்ல சாற்றுக்கு அளவாக இருந்த சுண்ணாம்பு, புளித்த சாற்றை ஆறு வரைக்கும் தூக்கிவிட்டிருக்க வழியில்லை. பெரியவர் 'சுண்ணாம்பு பத்தல' என்று சொன்னது அந்த அளவுக்குச் சரி.

இதை வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். புதுச் சாற்றை மூன்று பாத்திரத்தில் எடுத்து, ஒன்றை அப்படியே விட்டு, ஒன்றில் அரை மூடி எலுமிச்சை பிழிந்து, ஒன்றில் சுண்ணாம்புத் தெளிவு விட்டு, வற்ற வற்றத் தண்ணீர் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். எலுமிச்சைச் சாறு பெனடிக்ட்டில் செங்கல் சிவப்பாகவே இறங்கிவிட்டது. மற்ற இரண்டுக்கும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புதுச் சாறு தன் இயல்பான புளிப்பில் ஒரு மணி நேரத்தில் ரொம்ப உடைவதில்லை என்பதால் அது நியாயம்தான்.

பாகின் கடைசிக் கட்டம் ஒரு இழுபறி. அச்சு வெல்லத்துக்குப் பாகை 114லிருந்து 118 டிகிரி வரைக்கும் கொண்டு போகிறார்கள், நாட்டுச் சர்க்கரைக்கு இன்னும் கொஞ்சம் மேலே. 118 டிகிரியில் அமில வினையின் வேகம் 100 டிகிரியில் இருந்ததைப் போல ஐந்து மடங்கு. ஆனால் வினைக்குத் தண்ணீர் வேண்டுமே. சாற்றில் ஐந்தில் நாலு பங்கு இருந்த தண்ணீர் அப்போது அடிக்கு வந்துவிட்டிருக்கும். சூடு முன்னே தள்ள, தண்ணீர்ப் பஞ்சம் பின்னே இழுக்கும். வகுப்பில் தண்ணீர் ஏராளம், வேகம் சர்க்கரையின் அளவை மட்டும் பொறுத்தது என்று வைத்துக்கொண்டு 'போலி முதல் வகை வினை' என்போம். பாகு பதம் வரும்போது அந்தப் 'போலி' கழன்று விழுகிறது. கடைசியில் ஆலைக்காரர் கையில் மிஞ்சுவது நேரம் ஒன்றுதான். முதல் கொப்பரையில் அதுவும் தவறியது. உடைந்த சர்க்கரையால் பதம் வரவில்லை. பதம் வரவில்லை என்று அரை மணி கூடுதலாகக் காய்ச்சினார்கள். காய்ச்சக் காய்ச்ச இன்னும் உடைந்தது.

இரண்டாவது கொப்பரை கறுத்ததற்குக் காரணம் வேறு. காரத்தன்மையில், சூட்டில், குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சிதைந்து கறுத்த நிறமுள்ள பொருள்களாகும். இரண்டு மடங்குச் சுண்ணாம்பைப் புதுச் சாற்றில் போட்டிருந்தாலும் கொஞ்சம் கறுத்திருக்கும். வெயில் கரும்புச் சாற்றில் உடைந்த சர்க்கரை ஏற்கெனவே மலிந்து கிடந்ததால் கருப்பட்டியே ஆகிவிட்டது. ஹைட்ரோஸ் போட்டு வெளுக்க வைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நிறம் வெளுக்கும், சுக்ரோஸ் திரும்பி வராது. மாமா போடவில்லை.

அந்த 23

மாமாவைச் சமாதானப்படுத்த முடியாத இடம் பிரிக்ஸ் மீட்டர்தான். "23 காட்டுச்சு, நானே கண்ணுல பாத்தனே. சக்கர போயிருந்தா கொறைஞ்சுதான காட்டோணும்?"

அந்தக் கருவி பார்ப்பது சாறு ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதை. கரைந்திருப்பது எவ்வளவு என்று சொல்லும், கரைந்திருப்பது எது என்று சொல்லாது. சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆனாலும் அதற்கு எல்லாம் சர்க்கரைதான். சொல்லப்போனால் உடையும்போது ஒரு தண்ணீர் மூலக்கூறும் உள்ளே சேர்ந்துகொள்வதால் எண் துளி ஏறத்தான் செய்யும். மூன்று நாள் வெயிலில் கழி காய்ந்து தண்ணீர் வற்றியதால் மீதி ஏற்றம். கெட்டுப் போகப் போக நல்ல சேதி சொல்கிற கருவி அது. மாமா நெடுநேரம் மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். விலை கொடுத்து வாங்கியவராயிற்றே.

ஓட்டைகள்

நான் சொன்ன பதிலில் ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. வெயில் குவியலில் கிடந்தது வயலின் தாழ்ந்த பக்கத்துக் கரும்பு. அங்கே காற்றில் சாய்ந்து தரையைத் தொட்டுக் கிடந்த கழிகள் பல, எலி கடித்ததும் உண்டு. வெட்டுவதற்கு முன்பே அவற்றில் உடைந்த சர்க்கரை அதிகமாக இருந்திருக்கலாம். அம்மிச்சியின் தடி புளியமரத்தோடு நின்றதால் அமைந்த பரிசோதனையில் நிழலும் ஈரமும் மட்டுமல்லாமல் வயலின் இரண்டு பக்கமும் கலந்துவிட்டன. ஃப்ரிட்ஜ் சோதனை ஒரே தூரில் செய்ததால் அதற்கு அந்தக் குறை இல்லை. ஆனால் அது நாலே கழி. ரகம் மாறினாலும் விடை மாறலாம். எங்கள் வயலில் இருந்தது கோயமுத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் கோ 86032 மட்டும்தான். வெட்டியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிடச் சொல்வதும் பொதுவான பரிந்துரைதான். சித்திரை வெயிலில் அந்த 24ஐயே நான் தாராளம் என்பேன்.

நான்காவது கொப்பரை சித்தோடு மார்க்கெட்டுக்குப் போனது. மூன்றாவதுக்கு வியாபாரி விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். இரண்டாவது மாட்டுத் தீவனத்தில் கலந்தது. முதலாவதைத் திரும்ப உருக்கித் தகர டின்களில் ஊற்றி வைத்தார்கள். தோசைக்குத் தொட்டுக்கொள்ள நன்றாகவே இருக்கிறது. இத்தனை மாதமாகியும் ஒரு பொட்டுப் படிகம்கூடக் கட்டவில்லை.

இந்தத் தை மாதம் ஆலை ஆரம்பிக்கும்போது, அன்றன்றைக்கு ஆட்டுகிற அளவுக்கு மட்டும் வெட்டச் சொல்லியிருக்கிறார் மாமா. பழைய மோட்டார் ஒன்றைக் கட்டி மாற்றுக்கு வைத்தாயிற்று. பி.எச். தாள் ஒரு கட்டு வாங்கிப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, சாற்றை ஒரு விரலில் தொட்டு நாக்கில் வைத்து, "புளிக்குதுங்க" என்றார். தாளை எடுத்து நனைத்துப் பார்த்தேன். ஐந்துக்குக் கீழே நின்றது.